துணைவேந்தருக்கு மூன்று ஆண்டு, மேசையில் நான்கு யோசனை: எதை எடுப்பது?

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆட்சிக்குழுவில் புதிதாக இடம்பெற்றிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். புதுத் துணைவேந்தர் வந்திருக்கிறார். நல்ல மனிதர். இந்த வட்டாரத்துக்குப் பல்கலைக்கழகத்தால் ஏதாவது விடிவு வர வேண்டும் என்று நினைக்கிறார். நான்கு யோசனைகள் வந்திருக்கின்றன: வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேர்க்கையைத் தாராளமாகத் திறந்துவிடுவது, மாணவர்களைக் கிராமங்களில் தங்கவைத்துப் படிக்க வைப்பது, மக்களின் பிரச்சினைகளை ஆராய்ந்து துணிந்து வெளியே பேசுவது, கட்டணம் வாங்கி மாலை வகுப்பு நடத்தி ஆயிரக்கணக்கில் கூடுதலாகச் சேர்ப்பது. காசும் ஆளும் இருப்பதோ ஒன்றுக்குத்தான். எதற்குக் கை தூக்குவது?

கல்லூரி நிர்வாகத்தில் இருக்கும் வேறு சிலரும் இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம். நல்லவேளையாக இந்த நான்கையும் ஏற்கெனவே செய்து பார்த்து, பலனையும் அடியையும் வாங்கிய பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன: தென்னாப்பிரிக்கா, பிரேசில், கானா, எல் சால்வடோர், உகாண்டா. பணத்தட்டுப்பாடும் அரசியல் தலையீடும் அவர்களுக்கும் பழகியவைதான். ஹார்வர்டு என்ன செய்தது என்று பார்ப்பதைவிட இவர்களைப் பார்ப்பது நமக்கு உதவும்.

## எதை வைத்து அளப்பது

நல்லெண்ணத்தை வைத்து அளந்தால் நான்குமே தேறிவிடும். நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

1. அதிகாரம்: இதைச் செய்யும் உரிமை உண்மையிலேயே துணைவேந்தரிடமும் அவருடைய அவைகளிடமும் இருக்கிறதா, அல்லது அரசிடம் இருக்கிறதா?
2. இரண்டாம் ஆண்டுச் செலவு: தொடக்க விழாவுக்கு எப்படியாவது காசு கிடைத்துவிடும். அடுத்த ஆண்டு யார் தருவார்கள்?
3. பலன்: உத்தேசித்தவர்களுக்கே போய்ச் சேருகிறதா, நடுவில் வேறு யாராவது அள்ளிக்கொள்கிறார்களா?
4. நிலைப்பு: தலைவர் மாறினால் நிற்குமா?
5. அடி: ஏதாவது தவறிப்போனால் அது யார் தலையில் விழும்?

நான்காவதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். தமிழ்நாட்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று ஆண்டு. முதல் ஆறு மாதம் கோப்புகளைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும். கடைசி ஆறு மாதம் அடுத்தவர் யார் என்ற பேச்சு தொடங்கிவிடும். அப்புறம் எந்தக் கோப்பும் நகராது. உருப்படியாகக் கையில் இருப்பது இரண்டு ஆண்டு.

## வழி 1: சேர்க்கையைத் திறந்துவிடுவது (மேற்கு கேப், பிரசிலியா)

தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதே மக்களைப் பிரித்து வைப்பதற்காகத்தான். இனஒதுக்கல் அரசு ‘கலப்பினத்தவர்’ என்று முத்திரை குத்திய மக்களுக்காக, கேப் டவுனை அடுத்த பெல்வில்லில் 1960-இல் திறந்த கல்லூரி அது. பாடம் நடத்தியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். 1975-இல் ரிச்சர்ட் வான் டெர் ராஸ் பொறுப்பேற்ற பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. தான் எந்தக் கொள்கைக்காகத் தொடங்கப்பட்டதோ அந்தக் கொள்கையையே ஏற்க முடியாது என்று 1982-இல் பல்கலைக்கழகம் அறிவித்தது. 1987-இல் தலைமைக்கு வந்த ஜேக்ஸ் கெர்வெல், இது இடதுசாரிச் சிந்தனைக்கு வீடாக இருக்கும் என்று பதவியேற்பு உரையிலேயே சொன்னார். சேர்க்கை வரம்புகளைத் தளர்த்தி, நல்ல பள்ளிக்கூடத்தைக் கண்ணால் பார்க்காத கறுப்பின மாணவர்களைத் திரளாக உள்ளே கொண்டுவந்தார்.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. 1990-இல் அங்கே தொடங்கிய சமூகச் சட்ட மையத்தை நடத்திய துல்லா ஓமர் 1994-இல் நீதித்துறை அமைச்சரானார். அங்கே சட்டப் பேராசிரியராக இருந்த காதர் அஸ்மல் முதலில் நீர்வளத்துக்கும் பிறகு கல்விக்கும் அமைச்சரானார். கெர்வெலையே மண்டேலா தன் அலுவலகத்தின் தலைமை அதிகாரியாக அழைத்துக்கொண்டார். ஒதுக்கி வைக்கக் கட்டிய கல்லூரி, புது நாட்டை ஆளப் போனவர்களின் இடமானது.

விலை என்ன? உள்ளே வந்தவர்களில் பலரால் கட்டணம் கட்ட முடியவில்லை. அவர்களை வெளியே அனுப்பினால் திறந்த கதவுக்கு அர்த்தமில்லை. வைத்துக்கொண்டால் பாக்கி ஏறும். ஏறியது. பள்ளியில் சரியாகச் சொல்லித்தராத பாடத்தைப் பல்கலைக்கழகமே முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருந்தது. அதற்கு ஆசிரியர் வேண்டும். அரசு மானியமோ எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு எத்தனை பேர் தேறினார்கள் என்பதையும் கணக்கில் எடுத்தது. இதற்கு மேல் ஓர் எதிர்பாராத அடி: இனஒதுக்கல் ஒழிந்ததும், முன்பு வெள்ளையருக்கு மட்டுமாக இருந்த பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லோரையும் சேர்க்கத் தொடங்கின. நல்ல மதிப்பெண்ணும் ஓரளவு வசதியும் உள்ளவர்கள் அங்கே போய்விட்டார்கள். 1990-களின் கடைசியில் மாணவர் எண்ணிக்கை சரிந்து, பணம் வற்றி, ஊழியர்களை வேலையிலிருந்து நீக்க வேண்டிய நிலை வந்தது. தான் எதற்காகப் போராடியதோ அது வென்றதாலேயே நொடித்துப்போன நிறுவனம் இதைப் போல வேறொன்று இருக்குமா, தெரியவில்லை. பிறகு மெதுவாக மீண்டது என்பது வேறு கதை.

இதே வழியில் பிரேசில் தலைநகரின் பிரசிலியா பல்கலைக்கழகம் கொஞ்சம் கணக்குப் பார்த்துப் போனது. 20 விழுக்காடு இடம் கறுப்பின மாணவர்களுக்கு, பத்தாண்டுகளுக்கு என்று 2003-இல் தன் பேரவையிலேயே வாக்கெடுத்து முடிவு செய்தது. மத்திய அரசின் பல்கலைக்கழகங்களில் இதுதான் முதல். யார் கறுப்பினத்தவர் என்று முடிவுசெய்ய, விண்ணப்பத்தோடு வந்த புகைப்படத்தை ஒரு குழு பார்த்தது. 2007-இல் உருவம் பிசகாத இரட்டைச் சகோதரர்கள் விண்ணப்பித்தார்கள். ஒருவரைக் கறுப்பினம் என்றும் மற்றவரை இல்லை என்றும் குழு சொன்னது! நாடே சிரித்தது. முடிவை மாற்றிக்கொண்டு, புகைப்படத்தைக் கைவிட்டு நேர்காணலுக்குப் போனார்கள். வழக்கும் வந்தது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், மத்திய அரசின் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் பாதி இடம் அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு என்று சட்டமே வந்துவிட்டது. வருமானமும் இனமும் அதற்குள் உள்ஒதுக்கீடு.

இரண்டுக்கும் வித்தியாசம் இதுதான்: மேற்கு கேப்பில் கொள்கையின் பாரத்தைப் பல்கலைக்கழகமே சுமந்தது. பிரசிலியாவில் அளவும் காலமும் எழுதிவைத்து, பேரவை கையெழுத்துப் போட்டு, கடைசியில் நாட்டின் தலையிலேயே ஏற்றிவிட்டார்கள்.

எப்போது இது சரி: சேர்க்கை அதிகாரம் பல்கலைக்கழகத்திடம் இருந்து, உள்ளே வந்தவரைத் தாங்கப் பணமும் இருக்கும்போது. தமிழ்நாட்டில் இந்த அதிகாரம் பெரும்பாலும் சட்டத்திடம் இருக்கிறது: 69 விழுக்காடு இடஒதுக்கீடு, தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு, பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு. இலங்கையில் உயர்தரத் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியையும் மாவட்டப் பங்கையும் வைத்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே ஆள் அனுப்புகிறது. துணைவேந்தர் கதவைத் திறக்கப் போனால், கதவு அவருடையது இல்லை என்று தெரியும். ஆனால் உள்ளே வந்தவர்கள் நடுவில் நின்றுவிடாமல் பார்ப்பது முழுக்க அவர் கையில் இருக்கிறது. மெஸ் பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்திவைக்கும் பழக்கத்தை ஒரு சுற்றறிக்கையில் ஒழிக்கலாம். முதல் பருவத்திலேயே ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் தனி வகுப்பு வைக்கலாம். புகைப்படம் எடுத்துப் போடும்படியான வேலை இல்லை என்பதால் இதை யாரும் யோசனையாகவே கொண்டுவருவதில்லை.

## வழி 2: கிராமத்தில் தங்கிப் படிப்பது (கானா)

கானாவின் தெற்கு வளமானது, வடக்கு வறண்டது. பல்கலைக்கழகங்களும் வெகுகாலம் தெற்கில்தான் இருந்தன. 1992-இல் வடக்கே தமாலேயைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ச்சி ஆய்வுப் பல்கலைக்கழகத்தை அரசு நிறுவியது. முதல் துணைவேந்தர் ரேமண்ட் பெனிங் ஒரு புவியியலாளர். ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரித்து, இரண்டில் வகுப்பு, மூன்றாவதில் ஊர் என்று பாடத்திட்டத்தையே அமைத்தார்கள்.

ஒரு குழுவில் வேளாண்மை, சமூக அறிவியல் என்று பல துறை மாணவர்களும் கலந்திருப்பார்கள். ஒரு கிராமத்தில் சில வாரங்கள் தங்குவார்கள். முதல் முறை அந்த ஊரைப் பற்றிய முழு விவரத்தையும் எழுத வேண்டும்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருக்கு நிலம், எந்த மாதம் தானியம் தீர்ந்துபோகிறது. அடுத்த முறை அதில் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று முன்வைக்க வேண்டும். மதிப்பெண் உண்டு; தேறாமல் பட்டம் இல்லை.

நம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் (என்.எஸ்.எஸ்.) ஏழு நாள் முகாமோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். முகாமில் சாலையோரம் கூட்டுவது, மரக்கன்று நடுவது, கடைசி நாள் தலைவர்கள் வந்து பேசுவது. நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விருப்பப்பட்டவர்கள் போவது, பட்டப்படிப்போடு ஒட்டவில்லை. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் மாதிரி, ஊரில் தங்குவதைப் பாடமாகவே வைத்திருக்கும் இடங்கள் நம்மிடம் மிகக் குறைவு.

மறைமுகச் செலவு இங்கே பணத்தைவிடப் பொறுமையில் இருக்கிறது. ஆண்டுதோறும் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து அதே கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போனால், மூன்றாவது ஆண்டு ஊர்க்காரர் “போன தடவை சொன்னோமே, என்ன ஆச்சு?” என்று கேட்பார். பதில் வைத்திருக்க வேண்டும். எழுதிய அறிக்கை பல்கலைக்கழக அலமாரியில் தூங்காமல், மாவட்ட நிர்வாகத்தின் திட்டத்துக்குள் போக ஒரு வழி வேண்டும். போக்குவரத்து, தங்குமிடம், பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு, பெற்றோரின் சம்மதம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆசிரியர்கள் முனகுவார்கள், விடுமுறை போகிறதே என்று. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: எந்தத் தெருவில் தங்க வீடு கிடைக்கும், எந்தத் தெருவில் கிடைக்காது என்பது முதல் நாளே பல்லிளிக்கும். படிப்பின் பெரிய பாடமே அதுவாகக்கூட இருக்கலாம்.

பலம்: கல்விப் பேரவை ஒப்புதல் கொடுத்துப் பாடத்திட்டத்துக்குள் போய்விட்டால் எடுப்பது கடினம். கானாவில் இப்படித்தான் அது பல தலைமைகளைத் தாண்டி நின்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்களைப் பிரித்துத் தனிப் பல்கலைக்கழகங்கள் ஆக்கிய பிறகும் தாய்ப் பல்கலைக்கழகத்தின் அடையாளம் அதுவே.

## வழி 3: ஆராய்ந்து, வெளியே பேசுவது (எல் சால்வடோர்)

நான்கில் மிகப் பெரிய மரியாதைக்குரிய வழி இது. மிகப் பெரிய விலை கேட்பதும் இதுதான்.

எல் சால்வடோரின் தலைநகர் சான் சால்வடோரில், கத்தோலிக்கத் துறவியரான இயேசு சபையினர் 1965-இல் தொடங்கிய மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். 1979 முதல் அதன் தலைவராக இருந்த இக்னாசியோ எல்லக்குரியா, ஏழைகளுக்குப் பயன்பட அவர்களை மாணவராகச் சேர்ப்பது மட்டுமே வழி இல்லை என்றார். நாட்டின் உண்மை நிலையை ஆராய்வதையும், கண்டதை மக்கள் முன் வைப்பதையும் பல்கலைக்கழகத்தின் மைய வேலையாக்கினார். நிலம் யாரிடம் இருக்கிறது, போரில் சாவது யார் என்று அவர்களுடைய இதழ் எழுதியது. 1986-இல் உளவியல் அறிஞர் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ மக்கள் கருத்துக் கணிப்பு நிறுவனத்தை அங்கே தொடங்கினார். உள்நாட்டுப் போருக்கு நடுவில் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அரசுக்குப் பிடிக்காத எண்களை வெளியிட அவரால் முடிந்தது.

அடி முன்பே விழத் தொடங்கியிருந்தது. 1976-இல் நிலச் சீர்திருத்தத்திலிருந்து அரசு பின்வாங்கியதை அந்த இதழ் கடுமையாக விமர்சித்தபோது, அரசு மானியம் நின்றது. வளாகத்தில் குண்டு வெடித்தது. 1989 நவம்பர் 16 விடியலுக்கு முன் ராணுவத்தின் அட்லாகாட்ல் படைப்பிரிவினர் வளாகத்துக்குள் நுழைந்து எல்லக்குரியா, மார்ட்டின்-பாரோ உள்ளிட்ட ஆறு குருக்களையும், அன்றிரவு அங்கே தங்கியிருந்த சமையல்காரப் பெண்மணியையும் அவருடைய பதின்வயது மகளையும் சுட்டுக் கொன்றார்கள். உலகம் முழுவதும் எழுந்த கொதிப்பு, ராணுவத்துக்கு உதவிவந்த அமெரிக்காவையே நெளிய வைத்தது. 1992 ஜனவரியில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானதில் அந்தக் கொலைகளுக்கும் பங்குண்டு. கொலைகள் நடந்தபோது பொதுப் பாதுகாப்புத் துணை அமைச்சராக இருந்த ராணுவ அதிகாரிக்கு ஸ்பெயின் நீதிமன்றம் 2020-இல் 133 ஆண்டு சிறை விதித்தது.

இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்துவதற்காக இல்லை. ஆனால் ‘சமூகப் பொறுப்புள்ள பல்கலைக்கழகம்’ என்று மேடையில் எளிதாகப் பேசுகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

பேசுவது என்றால் மோதுவதுதான் என்றும் இல்லை. பிரசிலியா பல்கலைக்கழகத்தின் தலைவராக 1985 முதல் 1989 வரை இருந்த கிறிஸ்டோவாம் புவார்க்கேயை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பத்துக்கு அரசே மாதாமாதம் பணம் தரலாம் என்ற யோசனை அந்தக் காலத்தில் அந்த வளாகத்து விவாதங்களில் உருவானது. 1995-இல் அவர் தலைநகர் மாவட்டத்தின் ஆளுநரானதும் அதைச் செயல்படுத்தினார். பிறகு நாடு முழுவதும் விரிந்த குடும்ப உதவித் திட்டத்துக்கு அது ஒரு முன்னோடி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யோசனை வளாகத்தில் பிறந்தது, பலித்தது ஆட்சி கைக்கு வந்த பிறகு.

எப்போது இது சரி: பணத்துக்கு அரசை முழுவதும் நம்பியிராத நிறுவனம், வெளியே அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு அமைப்பு (அங்கே இயேசு சபை), எண்களில் யாரும் ஓட்டை கண்டுபிடிக்க முடியாத ஆராய்ச்சிக் குழு, இந்த மூன்றும் இருக்கும்போது. நியமனமும் சம்பளமும் அரசிடமிருந்து வரும் துணைவேந்தர் இதைத் தனியாளாகத் தொடங்கினால், முதலில் அடிபடப்போவது தற்காலிகப் பணியில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர்தான்.

## வழி 4: கட்டணம் வாங்கி விரிவாக்குவது (மக்கெரெரே)

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உகாண்டாவின் மக்கெரெரே பல்கலைக்கழகம் 1990-களின் தொடக்கத்தில் பணமில்லாமல் தவித்தது. 1992 முதல் கட்டணம் கட்டும் மாணவர்களைச் சேர்த்தது. 1993-இல் துணைவேந்தரான ஜான் செபுவூஃபு காலத்தில் அது மடமடவென்று பெருகியது. ஏழாயிரம் அளவில் இருந்த மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முப்பதாயிரத்தைத் தாண்டினார்கள். பெரும்பாலோர் காசு கட்டிப் படித்தவர்கள். உலக வங்கி வட்டாரங்கள் மெச்சின. ஆசிரியர்களுக்கு வருமானம் கூடியது, கட்டடங்கள் எழுந்தன. இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய ஆயிரக்கணக்கானோர் பட்டம் பெற்றார்கள் என்பதும் உண்மை.

ஆனால் வகுப்பறையில் இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர்களும் அந்த மக்கெரெரேயில்தான் இருந்தார்கள். எந்தப் படிப்பு விற்கும் என்று துறைகள் போட்டி போட்டன. ஆராய்ச்சிக்கு நேரம் இல்லாமல் போனது. உகாண்டா அறிஞர் மஹ்மூத் மம்தானி இதை உள்ளே புகுந்து ஆராய்ந்து கடுமையாக விமர்சித்தார். அதே பல்கலைக்கழகம் 1990-இல் பெண்களுக்குச் சேர்க்கையில் 1.5 புள்ளி கூடுதலாகக் கொடுத்தது, அது நல்ல யோசனை. பெண்களின் பங்கு வேகமாக ஏறியது. ஆனால் பலன் பெரும்பாலும் நகரத்து நல்ல பள்ளிகளில் படித்த பெண்களுக்கே போனது. மூன்றாவது அளவுகோல் எதற்கு என்று கேட்டால் இதுதான் பதில்.

எப்போது இது சரி: சம்பளமே போட முடியாத நிலையில், ஓய்வூதியம் நிலுவையில் நிற்கும்போது. அப்போதும் வரும் வருமானத்தில் இத்தனை பங்கு இலவச இடங்களுக்கு என்று முன்கூட்டியே விதி எழுதிவைத்தால் மட்டும்.

## ஒரே பார்வையில்

| | சேர்க்கையைத் திறப்பது | கிராமத்தில் தங்குவது | ஆராய்ந்து பேசுவது | கட்டண விரிவாக்கம் |
|---|---|---|---|---|
| அதிகாரம் யாரிடம் | இங்கே பெரும்பாலும் சட்டத்திடம் | கல்விப் பேரவையிடம் | பெயரளவில் பல்கலைக்கழகத்திடம் | ஆட்சிக்குழுவிடம், அரசு அனுமதியோடு |
| இரண்டாம் ஆண்டுச் செலவு | மிக அதிகம் | நடுத்தரம் | பணம் குறைவு | வரவே வரும் |
| மறைந்திருக்கும் விலை | கட்டண பாக்கி, கூடுதல் வகுப்பு, தேர்ச்சி வீதம் | ஊர்க்காரரின் சலிப்பு, ஆசிரியர் முனகல் | மானியம், வேலை, சில நாடுகளில் உயிர் | தரம், ஆராய்ச்சி |
| பலன் யாருக்கு | நேரடியாக முதல் தலைமுறைக்கு | மாணவருக்கு உறுதி, ஊருக்கு நிபந்தனையோடு | நாட்டுக்கு, மெதுவாக | கட்ட முடிந்தவருக்கு |
| தலைவர் போன பிறகு | சட்டமானால் நிற்கும் | பாடத்திட்டமானால் நிற்கும் | ஆளோடு போகும் ஆபத்து அதிகம் | நிறுத்தவே முடியாது |

கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள். நிலைத்து நிற்பது எல்லாம் நல்லது என்று அர்த்தமில்லை. கட்டண வருமானத்துக்கு ஒரு தடவை பழகிய பல்கலைக்கழகம் அதைவிட்டு வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை.

## அப்படியானால் எதற்குக் கை தூக்குவது

தனிப்பட்ட நிதியும் வலுவான அறக்கட்டளையும் உள்ள நிறுவனமாக இருந்தால், மூன்றாவது வழியைச் சிறிய அளவில் தொடங்கச் சொல்வேன்: ஒரு மாவட்டம், ஒரு பொருள், ஆண்டுக்கு ஓர் அறிக்கை. சேர்க்கையைத் தானே முடிவு செய்யும் நிறுவனம் என்றால் பிரசிலியா மாதிரி அளவும் காலமும் எழுதி முதல் வழி.

கேள்வி கேட்ட வாசகரின் பல்கலைக்கழகம் இரண்டும் இல்லை. அரசு நிதி, மூன்று ஆண்டுத் தலைவர், சட்டம் முடிவு செய்யும் சேர்க்கை. அங்கே என் கை இரண்டாவது வழிக்குத்தான் உயரும். துணைவேந்தரின் கையெழுத்தும் கல்விப் பேரவையின் ஒப்புதலும் போதும். யாரிடமும் புதிதாக அதிகாரம் கேட்க வேண்டியதில்லை. கூடவே, முதல் வழியில் அவர் கைக்கு எட்டும் அந்தச் சின்னப் பகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம். மெஸ் பாக்கிச் சுற்றறிக்கைக்குக் காசு அதிகம் ஆகாது.

எல்லாத் துறைக்கும் ஒரே நேரத்தில் தொடங்கச் சொல்லாதீர்கள். இரண்டு துறை, ஆறேழு ஊர், மூன்று ஆண்டுக்கும் அதே ஊர். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அறிக்கையை வாங்கிக்கொள்ளப்போகும் அதிகாரி யார் என்பது மாணவர்கள் பேருந்து ஏறுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கிராமத்தில் இருக்கும் நாட்கள் ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் வகுப்பு நேரமாக வர வேண்டும். இதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள், பிறகு சேர்க்கலாம் என்று பதிவாளர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மதிப்பெண்ணில் ஒரு பங்கை ஊர்க்காரர்கள் போடலாமா என்று கல்விப் பேரவையில் ஒருவர் கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தக் கேள்வியையும் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம்.